அக்கன் வாங்கிய நிலம்

மரக்காணத்துக்கு நாங்கள் சென்றது உப்பைக் காண்பதற்கு அன்று. பூமீசுவரர் கோயிலின் சுவரில் இருக்கும் சோழர் காலக் கல்வெட்டுகளைக் காண்பதற்கே சென்றோம். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிற எவராலும் உப்பளத்தைப் பார்க்காமல் கோயிலுக்குப் போய்விட முடியாது. மூவாயிரம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் பாத்திகள். வெயிலில் கண் கூசும் வெண்குவியல்கள். தலையில் கூடையுடன் வரிசையாகக் கரையேறும் பெண்கள். நிலத்தின் பெரும்பகுதி அரசுடையது, குத்தகைக்கு விடப்பட்டது. உப்பு வாருகிறவர்களுக்கு அதில் ஒரு சாண் கூடச் சொந்தமில்லை. ஓர் அம்மாவிடம், "இந்தப் பாத்தி யாருடையதம்மா?" என்று கேட்டோம். "கூலி குடுக்கிறவங்களைத் தெரியும் தம்பி, நெலம் யாருதுன்னு நமக்கெதுக்கு?" என்று கூடையை இறக்காமலேயே சொல்லிவிட்டு நடந்தார்.

அந்தக் கேள்வி எங்களுக்குள் நின்றுவிட்டது. சாலையின் இரு பக்கமும் வேறொரு காட்சி. பனங்காடுகளையும் சவுக்குத் தோப்புகளையும் அரிந்து, மஞ்சள் வண்ணம் பூசிய கற்களை நட்டு, பல வண்ணக் கொடிகளைக் கட்டி, மனைகள் விற்பனைக்கு என்று பலகை வைத்திருக்கிறார்கள். பலகைகளில் சிரிக்கும் முகங்களுள் பெண்களின் முகங்களும் உண்டு. நண்பர் ஒருவர் விளையாட்டாகக் கேட்டார்: இந்த வட்டாரத்தில் நிலம் வாங்கி, ஆவணம் எழுதி, முதலீடு செய்து, கணக்கு வைத்த பெண்களில் பெயர் தெரிந்த முதல் பெண் யார்?

முதல் பெண் யாரென்று அறுதியிட எங்களால் இயலாது. ஆனால் பெயரும் கணக்கும் சேர்ந்து கிடைக்கிற ஒரு பெண்ணைச் சொல்லலாம். திண்டிவனத்துக்கு அப்பால் தாதாபுரம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. சோழர் காலத்தில் அதன் பெயர் இராசராசபுரம். மரக்காணம் பழைய ஓய்மா நாட்டுப் பகுதியைச் சேர்ந்தது. சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட அதே நாடு. அந்நூலில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்றும் கிடங்கிலைத் திண்டிவனம் என்றும் அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். அந்த இராசராசபுரத்தில் ஒரு பெண் மூன்று கோயில்களை எடுப்பித்தாள். சிவனுக்கு இரவிகுலமாணிக்க ஈசுவரம், திருமாலுக்குக் குந்தவை விண்ணகர், அருகனுக்குக் குந்தவை ஜினாலயம். இரவிகுலமாணிக்கம் என்பது அவள் தம்பியின் விருதுப்பெயர். மற்ற இரண்டுக்கும் தன் பெயரையே வைத்தாள். ஊருக்கும் ஒரு கோயிலுக்கும் தம்பி பெயர், இரண்டு கோயில்களுக்குத் தன் பெயர் என்கிற இந்தப் பங்கீடே அவள் குணத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறது.

இராசராசனின் தமக்கை குந்தவை என்றதும் நம்மில் பெரும்பாலோர்க்குக் கல்கிதான் நினைவுக்கு வருவார். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் காத்திருந்து படித்த தலைமுறைக்கும், 2022இலும் 2023இலும் திரையில் கண்ட தலைமுறைக்கும் அவள் பழையாறை மாளிகையின் இளைய பிராட்டி. ஓடம் ஏறி வந்து ஒற்றனிடம் செய்தி கேட்கும் சூட்சுமக்காரி. கல்கி மீது எங்களுக்குக் குறையில்லை. ஆயினும் கல்வெட்டில் எழுந்து வருகிற குந்தவை வேறொருத்தி. அவள் காதல் செய்கிறாளா என்று கல் சொல்லாது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு எவ்வளவு பொலிசை என்று சொல்லும். (சோழர் குடியில் குந்தவையர் ஒருவருக்கு மேற்பட்டோர் உண்டு. இராசராசனின் மகளும் குந்தவைதான். அவள் கீழைச் சாளுக்கிய விமலாதித்தனை மணந்து வேங்கி நாட்டுக்குப் போனவள். நாம் பேசுவது அத்தையைப் பற்றி.)

இவளுடைய தொழிற்பள்ளி எது என்று தேடினால், ஒரே குடும்பத்தின் இரண்டு கைம்பெண்களிடம் வந்து நிற்போம்.

ஒருத்தி அவளுடைய தாய் வானவன் மாதேவி. சுந்தர சோழன் காஞ்சிப் பொன்மாளிகையில் இறந்தபோது, ஏறத்தாழ 973இல், அவளும் உடன் தீப்புகுந்தாள். திருக்கோவலூர்க் கல்வெட்டு அதைப் புகழ்ந்து சொல்கிறது. பால்குடி மறவாத குழந்தையைப் பிரிந்து போனாள் என்பதையும் அதே புகழுரையின் பகுதியாகவே சொல்கிறது. அந்த இடத்தைக் கடக்கும்போது எங்களுக்கு எப்போதும் தொண்டை அடைக்கும். கல்வெட்டு எழுதியவருக்கு அடைத்ததா என்று தெரியவில்லை.

மற்றொருத்தி செம்பியன் மாதேவி. மழவரையர் மகள், கண்டராதித்தனின் தேவி. 957ஐ ஒட்டிக் கணவனை இழந்தபோது மகன் மதுராந்தகன் சிறு குழந்தை. அவள் தீப்புகவில்லை. 941இல் ஒரு நந்தா விளக்குக்குக் கொடை கொடுத்ததில் தொடங்கும் அவள் பெயர், 1001 வரை கல்வெட்டுகளில் தொடர்ந்து வருகிறது. அறுபது ஆண்டுகள்! அதில் நாற்பதுக்கு மேற்பட்டவை கைம்மையில். செங்கல் தளிகளைக் கற்றளிகளாக மாற்றிக்கொண்டே போனாள்: திருநல்லம், திருக்கோடிகா, தென்குரங்காடுதுறை, ஆனாங்கூர், திருமணஞ்சேரி, விருத்தாசலம். திருநல்லத்தில், இன்றைய கோனேரிராசபுரத்தில், கணவன் பெயரால் எடுத்த கோயிலில் அவன் இலிங்கத்தை வழிபடுகிற உருவத்தைச் சுவரில் வைத்தாள்.

அவளுடைய வேலைமுறையில் எங்களைக் கவர்ந்தது திருக்கோடிகாவில் நடந்தது. பழைய செங்கல் கோயிலைப் பிரிக்கும்போது அங்கங்கே பொறித்திருந்த பழங்கொடைகளின் எழுத்துகளை அவள் வீணாக விடவில்லை. படியெடுத்து, புதிய கற்சுவரில் மீண்டும் பொறிக்கச் செய்தாள். இதுவும் ஒரு பழங்கற்படி என்ற குறிப்புடன் அவை இன்றும் நிற்கின்றன. பக்தி மட்டும் உள்ளவர் புதுக்கோயில் கட்டுவார். பழைய ஆவணம் அழிந்தால் பழைய நிலமும் போய்விடும் என்று அறிந்தவரே படியெடுத்து வைப்பார். விளக்குக்கு விட்ட ஆடும், அமுதுக்கு விட்ட நிலமும் யாரோ ஒருவரின் கையில் இருக்கின்றன. சுவரைப் பிரித்த அன்றே அவர் கை விரிக்கக்கூடும். வில்லங்கம் பார்ப்பது என்று இன்று பத்திர எழுத்தர் சொல்லும் காரியத்தின் மறுபக்கம் இது.

அவள் பெயரால் அமைந்த நாகப்பட்டினத்துப் பக்கத்துச் சதுர்வேதிமங்கலத்தில், உத்தம சோழனின் தேவியர் தம் மாமியாரின் பிறந்த நாளான சித்திரைக் கேட்டைக்குக் கொடைகள் வைத்தார்கள். மருமகள்கள் கூடி மாமியாருக்குப் பிறந்தநாள் அறக்கட்டளை வைத்த செய்தி, நம் தொலைக்காட்சித் தொடர்களை எழுதுவோர் கவனத்துக்கு.

இந்த வீட்டில், இந்த இரண்டு முடிவுகளையும் பார்த்து வளர்ந்தவள் குந்தவை. அண்ணனோ தம்பியோ, ஆதித்த கரிகாலனும் கொலையுண்டான். அந்தக் கொலை நமக்கு எப்படித் தெரிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு, இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, உண்மையில் ஒரு நில விற்பனைப் பத்திரம். கொலை செய்த துரோகிகளான சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோருடையனவும் அவர்தம் உறவினருடையனவுமான நிலங்கள் அரசாணையால் பறிமுதலாகி விலைக்கு வருகின்றன. ஒருவர் அவற்றை வாங்கி அறத்துக்கு விடுகிறார். சோழ நாட்டின் மிகப் பெரிய அரசியல் கொலை, நான்கெல்லை சொல்லும் ஒரு கிரயப் பத்திரத்தின் இடையில் வந்து போகிறது. நிலத்தைப் பற்றி எழுதியதெல்லாம் வரலாறு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

அக்காலத்தில் நிலம் கைமாறும் விதமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பிராமண ஊரானால் சபையும் மற்ற ஊரானால் ஊராரும் விற்பார்கள். கீழெல்லை, தென்னெல்லை, மேலெல்லை, வடவெல்லை என்று நான்கையும் வாய்க்கால், வதி, அடுத்த காணிக்காரர் பெயருடன் சொல்வார்கள். இதுவே விலையோலை, பணம் முழுவதும் தீர்ந்தமைக்கு இதுவே செலவோலை, வேறு ஓலை காட்ட வேண்டியதில்லை என்று முடிப்பார்கள். பத்திரமும் ரசீதும் ஒன்றே. வரி என்ற வால் நிலத்தோடு வரும் என்பதால், விவரம் தெரிந்தவர் நில விலையோடு இன்னொரு தொகையையும் சபையிடம் முதலாகக் கட்டி, அதன் வருவாயிலிருந்து இனிமேல் வரியைச் சபையே செலுத்திக்கொள்ளட்டும் என்று எழுதி வாங்கிவிடுவார். நிலம் இறையிலி ஆகிவிடும். பெண்கள் விற்கும்போதும் வாங்கும்போதும், குறிப்பாகப் பிராமணக் குடும்பத்துப் பெண்களாயின், முதுகண் என்ற பெயரில் ஓர் ஆண் உறவினர் கூட நிற்பதைக் கல்வெட்டுகளில் பார்க்கிறோம். அரசகுலப் பெண்களுக்கும் கோயிற்பெண்டுகளுக்கும் அந்த நிழல் பெரும்பாலும் இல்லை. அவர்கள் தம் பெயரிலேயே பேசுகிறார்கள்.

குந்தவை பேசுவதைக் கேட்கத் தஞ்சாவூருக்குப் போக வேண்டும். இராசராசன் தன் 26ஆம் ஆட்சியாண்டில் ஆணையிடுகிறான்: பெரிய கோயிலுக்குத் தான் கொடுத்தவற்றையும், தன் அக்கன் கொடுத்தவற்றையும், தன் பெண்டுகள் கொடுத்தவற்றையும், பிறர் கொடுத்தவற்றையும் விமானத்துக் கல்லிலே வெட்ட வேண்டும் என்று. அரசனுக்கு அடுத்த இடம் அக்கனுக்கு. தேவியர் அதற்குப் பின்னரே. தமக்கை என்றோ பிராட்டியார் என்றோ மட்டும் சொல்லாமல் அக்கன் என்று கல்லில் ஏற்றியதில் ஒரு வீட்டுக் குரல் கேட்கிறது.

அவள் கொடுத்தவை முதலில் பொன். ஆடவல்லான் என்ற பெயருடைய கல்லால் நிறுத்த பொன். பிறகு நகைகள், அவை தக்ஷிணமேருவிடங்கன் என்னும் கல்லால் நிறுக்கப்பட்டவை. இந்த நகைப்பட்டியலைப் பொறுமையாகப் படிப்பவர்கள் குறைவு. படித்தால் ஒருத்தியின் கை தெரியும். முத்தானால் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர். இத்தனை வகையும் எண்ணப்படுகின்றன. கறடான முத்தைக் கறடு என்றே எழுதுகிறார்கள். மணியில் குறையிருந்தால் குறையையும் எழுதுகிறார்கள். நிறையில் சரடும் அரக்கும் சேர்ந்திருந்தால் சேர்ந்திருக்கிறது என்கிறார்கள். இது பட்டியல் எழுதிய கோயிற் கணக்கரின் வழக்கம், பிறர் கொடைக்கும் இதே முறைதான் என்று சொல்லலாம். சொல்வது சரிதான். ஆனால் தன் கொடையின் குறைகளை ஆயிரமாண்டு வெயிலில் வெட்டி வைக்க ஒப்புவதற்கும் ஒரு மனம் வேண்டும். நம் காலத்தில் கோயில் குழல்விளக்கில் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்குப் பெயர் எழுதுகிறவர்களை நினைத்துக்கொண்டோம்.

அவள் எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகள் நான்கு. தக்ஷிணமேரு விடங்கருக்கு ஓர் உமாபரமேசுவரி, தஞ்சை விடங்கருக்கு ஓர் உமாபரமேசுவரி. மற்ற இரண்டும் தெய்வங்கள் அல்ல. பொன்மாளிகைத் துஞ்சின தேவரான தந்தையின் உருவம் ஒன்று; தன் தாயின் உருவம் ஒன்று. தாய்க்கு அங்கே அடைமொழி ஏதும் இல்லை. தம்மை, அதாவது தன் அம்மை, அவ்வளவே. தீப்புகுந்த பெருமையைத் திருக்கோவலூர்க் கல் பேசட்டும் என்று விட்டுவிட்டாளோ என்னவோ, மகளின் கல்லில் அது இல்லை.

இனி அவள் பணத்தை வைத்த முறை. உருவங்கள் வைத்தாயிற்று, அவற்றுக்குத் திருவமுதும் திருவிளக்கும் நாள்தோறும் நடக்க வேண்டும். ஒரே இடத்தில் பெருந்தொகையைக் கொட்டிவிடவில்லை. ஊர்ச்சபைகளிடம் காசாகக் கொடுத்து வைத்தாள். பொலிசை ஆண்டுவட்டம் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு. அதாவது எட்டில் ஒரு பங்கு, நூற்றுக்குப் பன்னிரண்டரை. பெரிய கோயிலின் வேறு பொலியூட்டுகளில் காசு ஒன்றுக்கு முக்குறுணி நெல் என்று வரும். இரண்டும் ஒன்றே என்பதை எளிய கணக்கில் காட்டலாம். அங்கே காசு ஒன்றுக்கு இருகலம் நெல் விலை. கலத்துக்குப் பன்னிரண்டு குறுணி. ஆக ஒரு காசு இருபத்து நான்கு குறுணி. அதில் எட்டில் ஒன்று மூன்று குறுணி. கணக்குக்காக நூறு காசு வைத்தால் ஆண்டுக்கு இருபத்தைந்து கலம் நெல் கோயிலுக்கு வந்து சேரும். முதலைத் திருப்பிக் கேட்கவே போவதில்லை; சந்திரன் சூரியன் உள்ளவரை பொலிசை மட்டும் போதும்.

இதை வட்டித்தொழில் என்று சுருக்குவது எளிது. எங்கள் பார்வையில் இது நிலத்தின் மேல் நடந்த தொழில். சபை அந்தக் காசைப் புதைத்து வைத்துவிட்டுப் பன்னிரண்டரை கொடுக்க முடியாது. ஏரி தூர்வாரவோ வாய்க்கால் வெட்டவோ தரிசைத் திருத்தவோ அதைப் பயன்படுத்தி, மிகுந்த விளைச்சலிலிருந்துதான் கொடுத்தாக வேண்டும். நிலம் யார் பெயரிலோ இருக்க, அதன் விளைவில் எட்டில் ஒரு பங்கு வீதம் ஒரு பாத்தியதை இவள் ஏற்பாட்டின் கீழ் வந்துவிடுகிறது. காசு கொடுத்து நிலத்தை வாங்காமலே நிலத்திலிருந்து வருவாய் பெறும் வழி. மழை பொய்த்த ஆண்டில் சபை என்ன செய்தது என்ற கேள்விக்குக் கல்லில் இடமில்லை. வாங்கியவரின் பயம் எந்தப் பத்திரத்திலும் பதிவாவதில்லை.

நிலத்தையே விலைக்கு வாங்கவும் அவள் தயங்கவில்லை. தம்பி போய்விட்டான், மருமகன் இராசேந்திரன் ஆள்கிறான். அவனுடைய மூன்றாம் ஆண்டில், ஏறத்தாழ 1015இல், பழையாறை அரண்மனையில் இருந்துகொண்டு அவள் செய்த ஏற்பாடு ஒன்று. தஞ்சாவூரில் தன் தந்தை பெயரால் சுந்தரசோழ விண்ணகர் ஆதுலசாலை என்றொரு மருத்துவமனை. அதன் மருத்துவன் சவர்ணன் அரையன் மதுராந்தகனுக்கு மனையும் நிலமும் மருத்துவக் காணியாக. சம்பளம் என்று கொடுத்தால் கொடுக்கிறவர் இருக்கும்வரைதான் வரும். காணி என்று கொடுத்தால் வைத்தியமும் அந்தக் குடியில் தொடரும். அப்போது அவளுக்கு வயது என்ன? தந்தை இறந்தே நாற்பதாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. முதியவள்தான். முதிய வயதில் கோயிலுக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு உட்காராமல் ஆதுலசாலைக்கு நிலம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வழியில் அவளுக்குப் பின்னும் பெண்கள் உண்டு. இராசேந்திரனின் அன்புக்குரிய பரவை நங்கை திருவாரூர்க் கோயிலுக்குப் பொன் வேய்ந்தவள்; அரசனோடு ஒரே தேரில் வந்து இறங்கியவள்; இருவரும் நின்ற இடத்தில் விளக்கு வைத்தார்கள். அவள் பெயரால் அமைந்த பரவைபுரம் இன்று விழுப்புரத்தை அடுத்த பனையபுரம். அவள் கதை தனியே எழுதத் தக்கது.

குந்தவையைப் புகழ்ந்து முடித்துவிட எங்களுக்கு மனமில்லை. அவள் காலத்து நிலக் கணக்கு எவ்வளவு துல்லியமோ அவ்வளவு இரக்கமற்றதும் கூட. ஏறத்தாழ 1001இல் இராசராசன் நாட்டை அளந்தான். வேலியின் 5,242 கோடியே 88 இலட்சத்தில் ஒரு பங்கு வரை எழுதும் பின்னக் கணக்கு அது. அந்தக் கணக்கில் வரியிலிருந்து கழிக்கப்படும் நிலங்கள் என்று ஒரு வரிசை வரும்: ஊர்நத்தம், குளம், வாய்க்கால், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு. சேரியில் இருந்தவர்கள் அந்தத் துல்லியமான ஏட்டில் விளையாத நிலமாக மட்டுமே இடம்பெறுகிறார்கள். கோயிலுக்கு நிலம் விடும்போது குடிநீங்காத் தேவதானம் என்றும் குடிநீக்கி என்றும் இரு வகை உண்டு. உழுதுகொண்டிருப்பவரை வைத்துக்கொண்டு கொடுப்பது ஒன்று, அவரை விலக்கிவிட்டுக் கொடுப்பது மற்றொன்று. குடிநீக்கி என்பது ஒரே சொல். அதற்குள் எத்தனை குடும்பங்கள் மாட்டையும் சட்டியையும் எடுத்துக்கொண்டு எந்தத் திசையில் நடந்தன என்று யாரும் வெட்டி வைக்கவில்லை. நான்கெல்லை சொல்லும்போது எல்லைக்கல்லைத் தூக்கி வந்து நட்டவரின் பெயரும் வருவதில்லை.

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் வழியே நாங்கள் தாதாபுரம் சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் நிற்கின்றன. அருகன் கோயில் இல்லை. அவள் எடுத்த மூன்றில் ஒன்று, கல்லில் பெயராக மட்டும் எஞ்சியிருக்கிறது. பெருமாள் கோயிலின் சுவரில் கைவைத்துப் பார்த்தோம். பகல் சூடு இன்னும் இருந்தது. ஜினாலயம் எங்கே இருந்திருக்கும் என்று பொழுது சாயும்வரை வயல் வரப்புகளில் சுற்றினோம். மாடு ஓட்டி வந்த பெரியவர் ஒருவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். நிலம் வாங்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார் போலும். "ரோட்டோரமா இருக்கிறதெல்லாம் போயிடுச்சு. உள்ளார தள்ளி வேணும்னா சொல்லுங்க, பேசி முடிச்சிடலாம்" என்றார்.